ஜூன் மாதத்தில் கொழும்பிலிருந்து கடற்கரைக்குப் போகலாமா?

நாகப்பட்டினத்திலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள். ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு, விடுதித் தோழிகள் மூவருடன் கடற்கரைக்குப் போக ஆசை. தெற்குக் கரையில் ஹிக்கடுவையா, உனவட்டுனவா, மிரிஸ்ஸவா, ரயிலா பஸ்ஸா, கையில் பணம் அதிகமில்லை என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "கடலில் குளிக்கலாம்தானே? அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம்" என்று சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த ஊர், எந்த வண்டி என்பதெல்லாம் தாமாகவே தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொழும்பில் உயர்தர வகுப்புகளுக்கு நீண்ட காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். மாணவிகளை வெளிக்களப் படிப்புக்கு அழைத்துப்போகும்போது பெரும்பாலும் இந்தத் தென்மேற்குக் கரையோரத்துக்கே போவோம். கடல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை என்னால் விளக்க முடியும். ஆனால் நான் உயிர்காப்பாளர் அல்ல. இன்ன நாளில் இன்ன இடத்தில் இறங்கலாமா என்ற தீர்ப்பு அந்த மணலில் நிற்கும் உயிர்காப்பாளருடையது. நான் இங்கே சொல்வது எதுவும் அவர் சொல்வதற்கு மேலானது அல்ல.

நாகையில் வளர்ந்தவருக்கு ஜூன் என்றால் வெயில் கொளுத்தும், கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில்தான் உங்கள் கடல் சீறும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் கரைக்கு நிலத்தின் மேலாக வந்து சேர்கிறது. சோழமண்டலக் கரை அந்தக் காற்றுக்கு மறைவான பக்கம். கொழும்பு, காலி, மாத்தறைக் கரைகளோ அதே காற்றுக்கு நேரே முகம் கொடுத்து நிற்கின்றன. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது முடிந்து உங்கள் ஊர் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில்தான் இங்கே பாணந்துறைப் பக்கம் சிறு வள்ளங்கள் பல கரையேற்றப்பட்டுக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவக் குடும்பங்கள் சில, தலைமுறை தலைமுறையாக, சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் கிழக்குக்கும் வடக்குக்கும் போய்க் கடற்கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) அமைத்துத் தொழில் செய்துவிட்டு, வாடைக்காற்று வரும்போது ஊர் திரும்புகின்றன. அவர்கள் பிழைப்புக்காகப் பின்பற்றும் அந்த வழக்கத்தையே ஒரு சுற்றுலாக்காரரும் பின்பற்ற வேண்டும். உங்கள் ஊர்க் கடலின் நாட்காட்டி இலங்கையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும். கொழும்புக்கு அது தலைகீழ். நீங்கள் சிறுவயதிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவர் என்பதே இங்கே ஓர் ஆபத்து என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். கடல் தெரியாதவர் பயந்து ஒதுங்கி நிற்பார். தெரிந்தவர் தெரிந்த கணக்கில் இறங்குவார்.

இன்னொரு விஷயமும் உண்டு. மழை இல்லை, காற்றும் பெரிதாக இல்லை, வானம் வெளுத்திருக்கிறது, ஆகவே கடலும் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்ய முடியாது. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையில் நின்று நேர் தெற்கே பார்த்தால் அந்தாட்டிக்கா வரைக்கும் நிலமே கிடையாது. அந்தத் தென்சமுத்திரத்தில் எழும் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து மோதுகின்றன. இங்கே காற்றே இல்லாத நாளிலும் அவை வரும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். இலங்கையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் அளவு, மிகச் சிறியது, ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் கடல் ஏறி வந்து சூழ்ந்துகொள்ளும் என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அலையையும், அலை கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழியையும்தான்.

அந்த வழியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிலில் உங்கள் நினைவில் நிற்க வேண்டியது இந்தப் பகுதி. அலைகள் வரிசையாக உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் எங்கேயாவது திரும்ப வேண்டும். கரைக்குச் சற்று வெளியே கடலடியில் மணல்மேடு இருக்கும், அல்லது கற்பாறைத் திட்டோ பவளப்பாறையோ இருக்கும். அதில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அதன் வழியாகத் தண்ணீர் ஒடுங்கிய ஆறுபோலக் கடலை நோக்கி ஓடும். கரையில் நின்று பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை கொந்தளிக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் கறுத்து, அமைதியாக, நெளிநெளியான மேற்பரப்போடு தெரியும். சில வேளை கலங்கிய மணல் நிறத்தில் இருக்கும். ஒரு தென்னை மட்டையோ நுரைத்திட்டோ அதில் விழுந்தால் கரைக்கு வராமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்களின் கண் அந்த அமைதியான பட்டையைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். "இங்கேதான் அலை இல்லை, இங்கேயே இறங்குவோம்" என்று குடும்பத்தோடு இறங்கிவிடுவார்கள். என் மாணவிகளை மணலுக்குப் போவதற்கு முன் சற்று உயரமான இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நிற்கவைப்பேன். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று குறிப்பேட்டில் கோடு போடச் சொல்வேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை. ஐந்து நிமிடம் தணிந்திருந்து, பிறகு ஐந்தாறு பேரலைகள் அடுத்தடுத்து வரும். ஒரு நிமிடம் பார்த்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

அப்படி ஒரு நீரோட்டம் இழுத்துவிட்டால், அது உங்களை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும். மனிதர்கள் இறப்பது பெரும்பாலும் அதை எதிர்த்துக் கரைக்கு நேராக நீந்திக் களைத்துப்போவதால். மிதந்துகொள்ள வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை சேர வேண்டும். இது உலகெங்கும் கற்பிக்கப்படுவது. ஆனால் நீந்தத் தெரியாதவருக்கு இந்த அறிவால் பயன் மிகக் குறைவு. ஒருவர் இழுபடும்போது நீந்தத் தெரிந்த தோழி பாய்ந்து போவதும் கூடாது. கயிறு, மிதக்கும் எதையாவது எறிவது, ஆளைக் கூப்பிடுவது, இவைதான் உதவி. உங்கள் நால்வரில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் இந்தப் பருவத்தில் தென்மேற்குக் கரையில் யாரும் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்த முழங்கால் ஆழமும் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில்தான். சிவப்புக் கொடி பறந்தால் அதுவும் கிடையாது.

இப்போது எந்தக் கரை என்ற கேள்விக்கு வரலாம். குளிப்பதுதான் முக்கியம் என்றால் கிழக்கே போங்கள். ஜூனில் திருகோணமலைக்கு அருகே உள்ள நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடா மூன்றும் நல்ல நிலையில் இருக்கும் காலம். பாசிக்குடா ஒரு வளைவான குடா. வெகுதூரம் நடந்துபோனாலும் இடுப்பளவு தண்ணீர்தான். நீச்சல் தெரியாதவர்களோடு போவதற்கு இந்த நாட்டில் அதைவிட நல்ல கடற்கரையை என்னால் சொல்ல முடியவில்லை. திருகோணமலைக்குப் போனால் கோணேஸ்வரம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சுவாமிமலைக் குன்றின் விளிம்பிலிருந்து கீழே கடலைப் பார்ப்பது வேறு அனுபவம். கன்னியா வெந்நீரூற்றுகளும் நகரத்துக்கு அருகில்தான். திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் தமிழ் பேசியே எல்லாக் காரியமும் முடியும், வாடகை பேசுவது உட்பட. ஆனால் தூரம் உண்டு. திருகோணமலை கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலில் ஏறிச் சனி காலை இறங்கி, ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை வகுப்புக்கு வந்து சேர்வது என்பதே மாணவர்கள் செய்யும் வழி. வண்டி ஓடுகிறதா, இருக்கை முன்பதிவு கிடைக்குமா என்பதைச் சில நாட்களுக்கு முன்பே நிலையத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவெல்லாம் உட்கார்ந்தே வருவது இளம் உடம்புக்கு முடியும். திங்களன்று பரீட்சை இருந்தால் வேண்டாம்.

கிழக்கிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஜூனில் அங்கே வீசும் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு, சுட்டுக்கொண்டு, நிலத்திலிருந்து கடலை நோக்கி வரும். கடல் கண்ணாடிபோல் தட்டையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே காற்று காற்றடைத்த வளையங்களையும் மிதவைகளையும் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். படுத்திருப்பவர் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது கரை தூரமாகியிருக்கும். மிதவை வாடகைக்கு எடுக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெயில் கடுமை.

குளிப்பது இரண்டாம் பட்சம், கடலைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், ஒரே ஒரு இரவுதான் என்றால் தெற்கு ரயில் பாதையை நான் மனதார விரும்பிச் சொல்வேன். சொல்லப்போனால் பருவக்காற்றுக் காலத்தில்தான் அந்தப் பாதை மிக அழகு. தெற்கே போகும்போது வலப்பக்க இருக்கை கடல்பக்கம். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று தண்டவாளம் கடலோடு ஒட்டியே போகிறது. ஜூனில் அலை கருங்கல் அணையில் மோதித் தெறிக்கும் துளி ஜன்னல் வழியாக மடியில் விழும். கொழும்புக் கோட்டையில் ஏறினால் நின்றுகொண்டு போக வேண்டி வரலாம். தெற்குப் பாதை வண்டிகள் பல மருதானையிலிருந்து புறப்படுகின்றன. அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வாசற்படியில் தொங்கியபடி படம் எடுக்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. பாதையோரக் கம்பங்களும் பாலங்களும் வண்டிக்கு மிக அருகில் வருகின்றன. தயவுசெய்து வேண்டாம்.

காலிக்கு இந்தப் பாதை 1894இல் வந்தது, அடுத்த ஆண்டே மாத்தறைக்கு. 2019இல்தான் அது பெலியத்தை வரை நீண்டது. காலிக்கு ரயிலில் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் புறநகரான மாகும்புரவிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை பஸ் அதைவிட வெகு விரைவு. ஆனால் அந்த வழியில் கடலே தெரியாது, இறப்பர்த் தோட்டமும் வயலும்தான். போகும்போது ரயில், திரும்பும்போது களைப்பாக இருந்தால் பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி மாலை தெற்கே போகும் வண்டிகளிலும் ஞாயிறு மாலை கொழும்புக்கு வரும் வண்டிகளிலும் வேலைக்குப் போய்வருபவர்களின் நெரிசல் மூச்சுமுட்டும். சனி விடியற்காலையில் புறப்பட்டு, ஞாயிறு மதியத்தோடு திரும்புங்கள். இன்னொன்று, ஜூன் மாதப் பௌர்ணமி பொசன் போயா, பௌத்தர்களின் விடுமுறை நாள். அது உங்கள் வார இறுதியோடு சேர்ந்து வந்தால் எந்தத் திசைக்கும் வண்டியில் கால்வைக்க இடம் இருக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைத் தீர்மானியுங்கள்.

ஹிக்கடுவைக்குச் சற்று முன்பே, தெல்வத்தைக்கு அருகே பெரலிய வரும். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். விடுமுறைக் கூட்டத்தோடு கொழும்பிலிருந்து தெற்கே போன ரயில் அங்கே சுனாமியில் சிக்கியது. முதல் அலையில் தண்ணீர் சூழ்ந்து வண்டி நின்றது. ஊர்மக்கள் பலர் அது பாதுகாப்பான இடம் என்று நம்பிப் பெட்டிகளில் ஏறினார்கள், அவற்றின் மறைவில் நின்றார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப்போட்டது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1,700 என்ற எண்ணிக்கை பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கரையில் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால்தான் அழிவு இவ்வளவு பெரிதானது என்று சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாதாரண அலையின் வேகத்தைப் பவளப்பாறை குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. சுனாமியின் வேகத்தை எவ்வளவு குறைத்திருக்கும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. அங்கே நினைவிடம் இருக்கிறது. இறங்கிப் பார்க்க விரும்பினால் ஹிக்கடுவையில் இறங்கி ஓட்டோவில் போய் வரலாம். நாகையைச் சேர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் பயத்தின் வேர் எங்கே என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது. அவரிடம் இரண்டு உண்மைகளைச் சொல்லலாம். சுனாமிக்குப் பருவம் கிடையாது, ஜூன் மாதம் அதனால் கூடுதல் ஆபத்தோ குறைந்த ஆபத்தோ அல்ல. அடுத்தது, அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. இன்று இருக்கிறது, ஹைதராபாத்தில் உள்ள நிலையமும் அதன் ஒரு பகுதி. கடல் திடீரென வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் உள்நாட்டுப் பக்கம் உயரமான இடத்துக்கு நடக்க வேண்டும் என்பதை நால்வரும் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஹிக்கடுவைக்கு மாணவர்கள் போவது பவளப்பாறைக்காக. அது 1979இல் சரணாலயமாகவும் 2002இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்தபோது அங்கே பேரழிவு. கண்ணாடிப் படகில் போய் வண்ணக்காடு பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள், அதுவும் தண்ணீர் கலங்கியிருக்கும் ஜூனில். பாறைக்கு உட்புறமுள்ள ஆழமற்ற நீரில் ஆமைகள் வரும், அவற்றைப் பார்ப்பது உண்மையான மகிழ்ச்சி. தொடுவதும், கடற்பாசி கொடுத்து வரவழைத்துப் படம் எடுப்பதும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாறையின் மேல் நிற்பதும் கூடாது. பாறை அணை இருப்பதால் அங்கே குளிப்பது எப்போதும் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை, எப்போதும் உண்மை அல்ல. பேரலை நாளில் பாறையைத் தாண்டி வந்த தண்ணீர் பாறையின் இடைவெளி வழியாகவே பாய்ந்து வெளியேறும்.

உங்கள் இரவைக் காலியில் கழியுங்கள் என்பேன். போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கிய கோட்டை, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிக் கல்மதில் கட்டி வளர்த்தது, 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2004இல் மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமானபோது மதிலுக்கு உள்ளே இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. மதில்மேல் மாலையில் சுற்றி நடப்பதற்குக் காசு வேண்டாம். வெளிச்சவீட்டின் எதிரே உள்ள மீரான் பள்ளிவாசல் தெருக்களில் தமிழ் காதில் விழும். கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி அது. பேருவளையிலும் வெலிகமையிலும் அப்படித்தான். இந்தக் கரை முழுவதும் சிங்களம் மட்டுமே என்று நினைத்துக் கைசாடையில் பேசத் தொடங்காதீர்கள், முதலில் தமிழில் கேட்டுப் பாருங்கள். கொடிப்பாறையிலிருந்து கடலுக்குள் குதித்துக் காட்டும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களைப் பார்த்து யாரும் குதிக்க வேண்டாம்.

ஆனால் காலிக்குப் போவதற்கு முன் கொழும்பில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பயணம் வேறாகிவிடும். தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. மேல்விளிம்பு வளைந்து, அதில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள் செதுக்கியிருக்கும். கீழே சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல், அதிலுள்ள ஆண்டு 1409. மூன்றும் ஒன்றையே மூன்று மொழியில் சொல்வதாக எண்ண வேண்டாம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, மிகத் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து பேசுகிறது. காணிக்கைப் பொருள்களோ பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஒத்துப்போகின்றன. தெனவரை என்பது இன்றைய தேவேந்திரமுனை; காலியிலிருந்து மாத்தறை தாண்டிப் போனால் வரும் நாட்டின் தென்கோடி. 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா அங்கிருந்த பெருங்கோயிலைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். இவை உறுதியானவை. அந்தக் கோயில் விஷ்ணுவுடையதா, சைவ மரபில் தொண்டேஸ்வரம் என்று சொல்லப்படும் சிவன் கோயிலா, இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தனவா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. கல்லின் தமிழ்ப் பகுதி விஷ்ணுவைச் சுட்டுவதாகவே பொதுவாகப் படிக்கப்படுகிறது. நாகையும் அந்தக் காலத்தில் சீனக் கப்பல்கள் அறிந்த துறைமுகம். உங்கள் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் அந்தக் கல்லின் முன் நின்று அறுநூறு ஆண்டுக்கு முந்திய தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிக்க முயல்வதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. (கல்லைத் தொட விடமாட்டார்கள், கண்ணால்தான்.)

காலிக்கு அப்பால் நேரம் இருந்தால் மட்டும். மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம் பார்க்கும் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூனில் யாராவது படகில் அழைத்துப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், கடல் அதற்கு ஏற்றதல்ல. கொக்கல, அஹங்கம பக்கத்தில் கடலில் நட்ட கம்பின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுபவர்களில் பலர் இன்று படத்துக்காகவே உட்காருகிறார்கள். படம் எடுத்தால் காசு கேட்பார்கள், அது நியாயமானதே, முன்பே பேசிக்கொள்ளுங்கள். கொஸ்கொடைப் பக்கத்து ஆமைக்குஞ்சுப் பண்ணைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு உடனே கடலுக்குப் போக வேண்டும். பார்வையாளர்களுக்காகத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்திருப்பது அதன் பலத்தைக் குறைக்கிறது.

இரண்டு நாள் செலவழிக்க முடியாது என்றால் நீர்கொழும்புக்கு ஒரு பகல் போய் வாருங்கள். புறக்கோட்டையிலிருந்து 240ஆம் இலக்க பஸ். கடலில் இறங்க முடியாது, ஆனால் களப்பு (காயல்) அமைதியாக இருக்கும், கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருப்பார்கள், மீன்சந்தை காலையிலேயே களைகட்டும். சனிக்கிழமை போங்கள். கத்தோலிக்க ஊர், ஞாயிறன்று பெரும்பாலானோர் தொழிலுக்குப் போவதில்லை.

செலவைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. தெற்குக் கரைக்கு ஜூன் ஆளில்லாத பருவம், அறை வாடகை குறையும். நான்கு பேர் பகிர்ந்தால் இன்னும் குறையும். கிழக்கில் அதே மாதம் கூட்டப் பருவம், அங்கே முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ரயில் கட்டணம் உங்கள் செலவில் மிகச் சிறிய பகுதியாகவே இருக்கும். சாப்பாட்டுக்குக் கடற்கரை ஹோட்டல்களை விட்டு, ஊருக்குள் நூறடி நடந்து சோறும் கறியும் விற்கும் கடையைத் தேடுங்கள். கடவுச்சீட்டின் பிரதியும் மாணவர் விசாவின் பிரதியும் கையில் இருக்கட்டும், அறை கொடுப்பவர்கள் கேட்பார்கள். அவசர ஊர்திக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மூன்று எண்களையும் நால்வரின் தொலைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச அறிவித்தலைப் பாருங்கள், அது தமிழிலும் வெளியாகிறது. அதில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தெற்கே போகும் திட்டத்தைக் காலிக் கோட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன்: ஜூனில் காலி, ஒரு இரவு, குளியல் இல்லை. ஆகஸ்டில் வகுப்பு விடுமுறை ஏதாவது மூன்று நாள் சேர்ந்து வந்தால் பாசிக்குடா, ஆசைதீரக் குளியல். நீச்சல் விஷயத்தையும் எந்த வார இறுதி என்பதையும் எழுதுங்கள், போயா எப்போது வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.